“வேறு யாரைப் பார்த்தாய்?”: சூனியக்காரி வேட்டை பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1628 ஜூலை. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரச் சிறையில் யொஹானஸ் யூனியுஸ் என்பவர் தன் மகள் வெரோனிகாவுக்கு ரகசியமாக ஒரு கடிதம் எழுதுகிறார். அவர் அந்த நகரத்தின் மேயர்களில் ஒருவர், வயது 55. கட்டைவிரல்களைத் திருகாணியில் வைத்து நசுக்கியிருந்தார்கள், அதனால் கடிதத்தை எழுதி முடிக்கவே நாட்கள் ஆகியிருக்கின்றன. குற்றமில்லாமல் சிறைக்கு வந்தேன், குற்றமில்லாமல் வதைபட்டேன், குற்றமில்லாமல் சாகப் போகிறேன் என்று கடிதம் தொடங்குகிறது.

கைகளைப் பின்னால் கட்டி, கயிற்றில் எட்டு முறை மேலே இழுத்துக் கீழே விட்டிருக்கிறார்கள். பிறகு சிறைக்குக் கூட்டி வரும்போது வதைத்த ஆளே கெஞ்சினானாம்: ஐயா, உண்மையோ பொய்யோ, எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள், இதை உங்களால் தாங்க முடியாது, தாங்கினாலும் உங்களை விடப் போவதில்லை. யூனியுஸ் யோசித்து ஒரு கதை கட்டினார். சாத்தானிடம் சேர்ந்ததாகவும் கறுப்பு நாய் மேல் ஏறிக் கூட்டத்துக்குப் போனதாகவும் சொன்னார். அதோடு ஆளை விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால், அடுத்த கேள்வி வந்தது. கூட்டத்தில் யாரையெல்லாம் பார்த்தாய்?

யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றார். சரி, தெருத் தெருவாகச் சொல் என்றார்கள். சந்தையில் தொடங்கு, ஒரு தெரு வழியாகப் போ, அடுத்த தெரு வழியாகத் திரும்பி வா. அப்படி மனதுக்குள் ஊரைச் சுற்றி வந்து ஒவ்வொரு தெருவுக்கும் ஆள் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நீளத் தெருவில் மட்டும் எட்டுப் பேர். பெயர் வராத இடத்தில் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள்: சான்சலர் (ஆட்சியாளரின் தலைமை அதிகாரி) அங்கே இல்லையா? இருந்தார் என்றார் யூனியுஸ். யூனியுஸுக்கு எதிராக அப்படிச் சாட்சி சொல்லியிருந்தவர்களும், சாவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்களாம். ஆகஸ்டில் அவருக்கும் மரண தண்டனை நிறைவேறியது.

ஐரோப்பிய சூனியக்காரி வேட்டையைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள், காணொளிகள், பேச்சுகள் பலவற்றில் இந்தத் தெருக்கணக்கு இருப்பதில்லை. பதிலாக இருட்டு, மூடநம்பிக்கை, எரியும் கம்பம், ஒரு பாதிரியார். கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஊரில் ஒருவரோடு முடிந்த வழக்கு அடுத்த ஊரில் ஏன் முந்நூறு பேரைத் தின்றது என்பதற்கு அதில் பதில் இல்லை. நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். சிலவற்றில் நானே பல வருடம் விழுந்து கிடந்திருக்கிறேன்.

‘இடைக்காலத்து இருட்டு’

இதுதான் முதலில் வந்து விழும் வாக்கியம். ‘இடைக்கால ஐரோப்பாவில் லட்சக்கணக்கான பெண்கள்…’ என்று தொடங்கும் கட்டுரையை மேலே படிக்கும் முன்பே சந்தேகப்படலாம். வேட்டை உச்சத்தில் இருந்தது சுமார் 1560 முதல் 1630களின் தொடக்கம் வரை. ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதிய காலம், கலிலியோ தொலைநோக்கியால் வியாழனின் நிலவுகளைப் பார்த்த காலம். அச்சகங்களும் பல்கலைக்கழகங்களும் பட்டம் பெற்ற வழக்கறிஞர்களும் நிறைந்த காலம் அது.

இடைக்காலத் திருச்சபையின் பழைய நிலைப்பாடு கிட்டத்தட்ட இதற்கு எதிர். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான திருச்சபை விதி ஒன்று, இரவில் டயானா தேவியோடு விலங்குகள் மேல் ஏறிப் பறந்து போவதாகச் சொல்லும் பெண்கள் கனவையும் மாயையையும் நிஜம் என்று நம்புகிறார்கள் என்கிறது. அதை உண்மை என்று நம்புவதுதான் பிழை என்பது அந்த விதியின் சாரம். பறப்பது நிஜம், கூட்டம் நிஜம் என்று படித்தவர்கள் வாதிடத் தொடங்கியது 15ஆம் நூற்றாண்டில். 1428இல் இன்றைய சுவிட்சர்லாந்தின் வலே பகுதியில் தொடங்கிய வழக்குகள் அந்தப் புது வகையின் ஆரம்ப உதாரணங்களில் ஒன்று.

சட்டம் பற்றியும் நாட்டின் பொருளாதாரம் பற்றியும் நூல் எழுதிய ஜான் போதான் என்ற பிரெஞ்சு அறிஞர், 1580இல் சூனியக்காரர்களைக் கடுமையாகத் தண்டிக்கச் சொல்லியும் ஒரு நூல் எழுதினார். மூளை இல்லாதவர்கள் செய்த வேலை என்று ஒதுக்கிவிட முடியாமல் இருப்பதுதான் இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது.

90 லட்சம் என்ற எண்

எண்ணிக்கை வரும் இடத்தில் ‘90 லட்சம் பெண்கள்’ என்ற தொகை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிறந்த ஊர் உண்டு. 1780களில் ஜெர்மனியின் குவெட்லின்பர்க் நகரில் கோட்ஃப்ரீட் கிறிஸ்தியான் ஃபோய்க்ட் என்பவர் தன் ஊர் ஆவணங்களில் கிடைத்த கொஞ்ச வழக்குகளை எடுத்து, ஊர் மக்கள்தொகைக்கு இத்தனை என்றால் ஐரோப்பா முழுவதற்கும் எத்தனை, நூற்றாண்டுகளுக்கு எத்தனை என்று பெருக்கிக்கொண்டே போனார். விடை 94,42,994. கடைசி நான்கு வரை துல்லியமாக! அப்புறம் ஆளாளுக்கு அந்த எண்ணைத் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். திருச்சபையைத் தாக்க விரும்பியவர்கள், பெண்ணுரிமைக்காக எழுதியவர்கள், நாஜிகள் எல்லோரும் அதில் அடக்கம். நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பு சூனிய வழக்குகளைத் தேடித் தொகுக்கத் தனிக் குழுவே வைத்திருந்தது.

நீதிமன்ற ஆவணங்களை ஊர் ஊராக எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள் இன்று சொல்வது, சுமார் முந்நூறு ஆண்டுகளில் 40,000 முதல் 60,000 மரண தண்டனைகள். அதில் ஏறக்குறைய பாதி ஜெர்மன் மொழி பேசிய புனித ரோமப் பேரரசின் நிலங்களில். எண் குறைந்ததால் கொடுமை குறைந்துவிட்டது என்று யாராவது கமெண்டில் சண்டைக்கு வருவார்கள். டிரியர் நகரைச் சுற்றியிருந்த இருபத்திரண்டு கிராமங்களில் மட்டும் 1587க்கும் 1593க்கும் இடையில் 368 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு கிராமத்துக்குச் சராசரி ஏறக்குறைய பதினேழு பேர் வருகிறது. இதைச் சொன்னால் போதும், லட்சம் தேவையில்லை.

‘சூனியக்காரி’ என்ற சொல் வைக்கும் பொறி

தமிழில் எழுதுபவருக்கு என்றே உள்ள சிக்கல் இது. நம் சொல்லுக்குள் நம் ஊர்க் கதை இருக்கிறது. இங்கே சூனியம், செய்வினை என்றால் பெரும்பாலும் மூன்று பேர் உண்டு: வைக்கச் சொன்ன பகையாளி, காசு வாங்கிக்கொண்டு வைத்த மந்திரவாதி, பாதிக்கப்பட்ட குடும்பம். எடுக்க இன்னொரு மந்திரவாதி வருவார். வைத்தவர் தொழில்காரர், அவருக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இருக்க வேண்டியதில்லை.

ஐரோப்பியக் கிராமத்திலும் தொழில்காரர்கள் இருந்தார்கள். தொலைந்த பொருளைக் கண்டுபிடிப்பார்கள், மாட்டுக்கு மந்திரிப்பார்கள், உனக்குத் தீங்கு செய்தவள் இன்னார் என்று குறியும் சொல்வார்கள். வேட்டையின் முக்கிய இலக்கு இவர்கள் இல்லை. சில வழக்குகளில் இவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்பது உண்மை, ஆனால் பல வழக்குகளில் முதல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டதே இவர்கள்தான். ‘மூலிகை அறிந்த மருத்துவச்சிகளை ஒழிக்கவே வேட்டை நடந்தது’ என்ற பிரபலமான கதை இந்த இடத்தில்தான் இடறுகிறது. இங்கிலாந்தில் மருத்துவச்சிகள் குற்றம்சாட்டப்பட்டவரின் உடம்பில் சாத்தானின் குறி இருக்கிறதா என்று சோதிக்கும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் அவர்களைத் தேடினால் சொற்பமாகத்தான் கிடைப்பார்கள்.

கிராமத்தார் பயந்தது தீங்கைப் பார்த்து. வெண்ணெய் திரளாமல் போனது, குழந்தை இறந்தது, கணவனுக்கு ஆண்மை போனது. அந்தப் பயம் எல்லாக் காலத்திலும் உண்டு, அதனால் வரும் வழக்கு ஒருவரோடு அல்லது இருவரோடு முடியும். படித்த இறையியலாளர்களும் நீதிபதிகளும் அதன் மேல் இன்னொன்றை ஏற்றினார்கள்: இவள் தனி ஆள் இல்லை, சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவள், கிறிஸ்துவை மறுத்தவள், இரவில் நடக்கும் ரகசியக் கூட்டத்தின் உறுப்பினர். இரண்டும் சேர்ந்ததும் நிலைமை மாறிவிட்டது. மாட்டுக்குச் சூனியம் வைத்தவளிடம் கேட்க ஒரு கேள்விதான் உண்டு, வைத்தாயா இல்லையா. கூட்டத்துக்குப் போனவளிடம் இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: வேறு யாரைப் பார்த்தாய்?

அந்தக் கேள்வியோடு வதையும் சேர்ந்துகொண்டால் ஒருவர் மூவரைச் சொல்வார், மூவர் பத்துப் பேரை. நடுவில் நிறுத்த ஆள் இல்லாத ஊரில் பாம்பெர்க் நடக்கும். வேட்டை நீள நீளக் குற்றவாளியின் முகமும் மாறுவதைக் கவனியுங்கள். முதலில் ஏழைக் கிழவி, ஊரில் பெயர் கெட்டவள். பிறகு சத்திரக்காரர், கவுன்சிலர், மேயர், சான்சலர். டிரியரில் சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதி டீட்ரிக் ஃபிளாடேயே 1589இல் அதே குற்றத்துக்குக் கொல்லப்பட்டார். பணக்காரர் சொத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வேட்டை என்ற விளக்கத்துக்கு இப்படிச் சில இடங்களில் ஆதாரம் உண்டு. ஆனால் தொடக்கத்தில் செத்தவர்களிடம் பிடுங்க ஒன்றும் இருக்கவில்லை.

‘திருச்சபைதான் எரித்தது’

பாதி உண்மை. சாத்தான் ஒப்பந்தக் கதையைக் கட்டியதில் மதகுருமார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தீர்ப்பு எழுதியது பெரும்பாலும் அரசர், பிரபு, நகரசபை ஆகியோரின் உலகியல் நீதிமன்றங்கள். கத்தோலிக்கப் பாம்பெர்க்கில் ஆயரே ஆட்சியாளரும்கூட என்பதால் அங்கே கோடு குழம்பும். ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் பிரிவான சீர்திருத்தத் திருச்சபையின் நாடு. அங்கே 1563ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் குற்றம்சாட்டப்பட்டவர்களாக ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியலில் 3,800க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன் பகுதிகளும் சளைக்கவில்லை.

ஸ்பெயினின் சமய விசாரணை மன்றத்தை வில்லனாக வைத்து எழுதுபவர்கள் 1610ஐத் தாண்டிப் படிப்பதில்லை. அந்த ஆண்டு லொக்ரோனோ நகரில் ஆறு பேரை எரித்தார்கள், அதற்குள் இறந்துவிட்ட ஐந்து பேரின் உருவப் பொம்மைகளையும் எரித்தார்கள். விசாரித்த மூவரில் ஒருவரான அலோன்சோ தெ சாலசார் ஃப்ரியாஸுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறு ஆண்டு பாஸ்க் மலைக் கிராமங்களுக்குப் பொது மன்னிப்பு ஆணையோடு போனார். 1,802 பேர் வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள், அதில் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். இன்னொருவராக இருந்தால் பெரிய சதி அம்பலம் என்று துள்ளியிருப்பார். சாலசார் சோதித்தார். பறக்கப் பயன்படும் களிம்பு என்று கொண்டுவந்த ஜாடிகளை ஆராய வைத்தார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் நடப்பதாகச் சொன்ன இரவில் அந்த இடத்துக்கே தன் செயலாளர்களை அனுப்பினார். அங்கே யாரும் வரவில்லை, ஆனால் அன்றும் கூட்டம் நடந்ததாகச் சிறுமிகள் சொன்னார்கள்.

பேசவும் எழுதவும் தொடங்கும் வரை அங்கே சூனியக்காரர்களும் இல்லை, சூனியம் பட்டவர்களும் இல்லை என்று அவர் அறிக்கையில் எழுதினார். 1614இல் மன்றத்தின் தலைமை புதிய விதிகளை அனுப்பியது, அதன் பிறகு அந்த மன்றம் சூனியத்துக்காக எரிப்பது நடைமுறையில் நின்றுபோனது. யூத, முஸ்லிம் வம்சாவளியினரிடம் அதே மன்றம் நடந்துகொண்ட விதம் வேறு. அதற்கு இதைக் கொண்டு வெள்ளையடிக்கக் கூடாது.

ஒரே காரணத்தைப் பிடித்துத் தொங்குவது

காரணம் கேட்டால் பலர் ஒரு புத்தகத்தைக் காட்டுவார்கள்: ஹைன்ரிக் கிராமர் எழுதி 1486இல் அச்சேறிய ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’. கொடூரமான புத்தகம்தான். ஆனால் அதை எழுதுவதற்கு முந்தைய ஆண்டு இன்ஸ்புருக்கில் கிராமர் நடத்திய விசாரணை கவிழ்ந்துபோனது. ஹெலேனா ஷாய்பெரின் என்ற பெண்ணின் படுக்கையறை வாழ்க்கையைக் கிராமர் குடைந்து குடைந்து கேட்டது அதிகாரிகளுக்கே பிடிக்கவில்லை. ஆயர் கோல்ஸர் அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார், வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது என்றும் எழுதினார். அந்த அவமானத்துக்குப் பதிலாகவே புத்தகம் வந்தது என்று சொல்லலாம். பெரிய வேட்டைகளோ அது வெளிவந்து எழுபது எண்பது வருடங்களுக்குப் பிறகுதான் வந்தன. 1538இலேயே ஸ்பானிய மன்றத் தலைமை, அந்தப் புத்தகத்தில் இருப்பதை எல்லாம் அப்படியே நம்ப வேண்டாம் என்று தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தது.

இன்னொரு கூட்டம் வானிலையைக் காட்டும். அதில் பலம் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பா குளிர்ந்தது, அறுவடை பொய்த்தது, தானிய விலை ஏறியது. 1562 ஆகஸ்டில் தெற்கு ஜெர்மனியில் பேய்க் கல்மழை அடித்து ஓய்ந்ததும், வீசென்ஸ்டைக் என்ற சிற்றூரில் பெண்களைப் பிடிக்கத் தொடங்கி 63 பேரைக் கொன்றார்கள். நார்வேயின் வடமுனையில் வார்டோ அருகே 1617 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் புயலில் மீனவர்கள் நாற்பது பேர் மூழ்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே புயலைக் கிளப்பியதாகப் பெண்கள் எரிக்கப்பட்டார்கள். 1626 மே மாதக் கடைசியில் உறைபனி விழுந்து பாம்பெர்க் இருக்கும் ஃபிராங்கோனியாப் பகுதியின் திராட்சைத் தோட்டங்கள் கருகின, பாம்பெர்க்கிலும் வூர்ட்ஸ்பர்க்கிலும் பெரிய வேட்டை அதை ஒட்டியே வந்தது.

ஆனால் அதே குளிர் ஹாலந்திலும் இருந்தது, அங்கே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சூனியத்துக்கு மரண தண்டனை நின்றுவிட்டது. பாரிஸ் உயர்நீதிமன்றத்தின் எல்லைக்குள்ளும் பயிர் கெட்டது. அங்கே கீழ்க்கோர்ட் தரும் தண்டனைகள் மேல்முறையீட்டுக்கு வந்தபோது நீதிபதிகள் பெரும்பாலானவற்றைக் குறைத்தார்கள் அல்லது தள்ளினார்கள், 1624இல் மேல்முறையீட்டைக் கட்டாயமாகவே ஆக்கினார்கள். கல்மழை கோபத்தைக் கொடுத்தது என்று எழுதுங்கள். அந்தக் கோபம் வழக்காகிப் பெருகுமா என்பது, ஊரின் சொந்த நீதிபதிக்கு மேலே யாராவது இருந்தார்களா, வதைக்கு வரம்பு இருந்ததா என்பதைப் பொறுத்தது. புனித ரோமப் பேரரசில் 1532ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் தக்க சான்று இல்லாமல் வதைக்கக் கூடாது என்றது. நூற்றுக்கணக்கான குட்டி அரசுகளில் அதைச் சரிபார்க்க ஆள் இல்லை, சூனியம் விதிவிலக்கான குற்றம் என்ற வாதமும் கைவசம் இருந்தது.

பூஞ்சை பிடித்த கம்பு தானியத்தைத் தின்று மக்களுக்குப் பிரமை பிடித்தது என்ற விளக்கமும் இணையத்தில் உயிரோடு இருக்கிறது. 1976இல் அமெரிக்காவின் சேலம் வழக்குகளைப் பற்றி வந்த கருத்து அது, அதே ஆண்டே மறுப்பும் வந்தது. முந்நூறு வருட நீதிமன்ற நடைமுறையைப் பூஞ்சையால் விளக்க முடியாது. சேலத்தில் 1692இல் யாரையும் எரிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள், ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல்லால் அழுத்தியே கொன்றார்கள். இங்கிலாந்துச் சட்டப்படி சூனியத்துக்குத் தூக்குதான்.

பெண்கள் மட்டுமா, கிழவிகள் ஏமாளிகளா

மொத்தத்தில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் சற்று மேல் பெண்கள். அதை மறைக்கும் எழுத்து நேர்மையற்றது. ஆனால் ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்ட இருபத்துச் சொச்சம் பேரில் ஒரே ஒருவர்தான் பெண். ரஷ்யாவிலும் எஸ்தோனியாவிலும் நார்மண்டியிலும் ஆண்களே அதிகம். அங்கெல்லாம் சூனியம் என்றதும் மனதில் வந்த உருவம் வேறு: மந்திர எழுத்து தெரிந்தவன், ஆட்டிடையன், நாடோடி. தமிழில் ‘சூனியக்காரி’ என்று எழுதினால் சொல்லின் விகுதியே இவர்களை அழித்துவிடும். பொதுவாகப் பேசும் இடத்தில் ‘சூனியக்காரர்’ என்று எழுதலாம். நானும் தலைப்பில் பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டேன், பாருங்கள்.

பெண்களே ஏன் அதிகம் என்பதற்குக் கத்தரீனா கெப்ளரின் வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வானியலாளர் யொஹானஸ் கெப்ளரின் அம்மா, லெயோன்பெர்க் ஊரில் தனியாக இருந்த விதவை. உர்சுலா ரைன்போல்ட் என்ற பழைய சிநேகிதிக்கு அவரோடு மனக்கசப்பு. கத்தரீனா கொடுத்த கசப்பான பானத்தைக் குடித்ததால்தான் எனக்கு இந்த நோய் என்று 1615இல் அவர் கிளப்பிவிட்டார். அதன் பிறகு ஊரார் ஒவ்வொருவருக்கும் பழைய நினைவு வந்தது. ஒருவருக்குக் கால் மரத்தது, ஒருவரின் மாடு செத்தது. வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் குடிக்கக் கொடுப்பது, பிள்ளையைத் தொட்டு வாழ்த்துவது, நோய்க்கு இலை சொல்வது எல்லாம் பெண்கள் கையில் இருந்த வேலைகள். கெட்டது நடந்தால் திரும்பிப் பார்க்கும் இடமும் அதுவேதான்.

கத்தரீனாவும் தனக்குத் தானே குழி தோண்டினார். வழக்கை விட்டுவிடச் சொல்லி அதிகாரிக்கு வெள்ளிக் கோப்பை தர முன்வந்தார். இறந்த அப்பாவின் மண்டை ஓட்டை எடுத்துத் தரச் சொல்லி வெட்டியானிடம் கேட்டிருக்கிறார், மகனுக்கு வெள்ளிப் பூண் போட்டுக் கோப்பையாகக் கொடுக்கலாம் என்று. இதெல்லாம் குற்றப் பட்டியலில் ஏறியது. 1620இல் கைது, எழுபதைத் தாண்டிய வயதில் பதினான்கு மாதம் சங்கிலியில். மகன் வேலையை விட்டுவிட்டு வந்து, ஊராருக்கு வந்த நோய் ஒவ்வொன்றுக்கும் இயற்கையான காரணம் உண்டு என்று வரி வரியாக எதிர்வாதம் தயாரித்தார். கடைசியில் டியூபிங்கன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்கள் சொன்னபடி, வதைக் கருவிகளைக் காட்டிப் பயமுறுத்துவதோடு நிறுத்தினார்கள். நரம்பு நரம்பாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை என்றார் கிழவி. 1621 அக்டோபரில் விடுதலை, அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார். சூனியம் என்று ஒன்று உண்டு என்பதை இங்கே மகன் மறுக்கவில்லை, என் அம்மா அதைச் செய்யவில்லை என்றுதான் வாதிட்டார். கெப்ளரை நம் காலத்துப் பகுத்தறிவாளர் ஆக்கி எழுதுவதும் ஒரு தவறு.

‘அறிவொளி வந்தது, வேட்டை நின்றது’

வேட்டையை எதிர்த்த குரல்களில் முக்கியமான ஒன்று ஒரு ஜேசு சபைப் பாதிரியாருடையது. ஃபிரீட்ரிக் ஷ்பே 1631இல் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். நீதிமன்றங்கள் யோசித்த விதத்தை அதில் இப்படிக் காட்டினார்: கைதானவள் கெட்டவளாக வாழ்ந்திருந்தால் அது சான்று, நல்லவளாக வாழ்ந்திருந்தால் வேஷம், அதுவும் சான்று. பயந்தால் குற்ற உணர்ச்சி, பயப்படாவிட்டால் சாத்தான் கொடுத்த தைரியம். வதைத்தால் நாம் எல்லோரும் சூனியக்காரர்களே என்ற அவர் வாதத்தில் சாத்தானை மறுக்கும் வரி எதுவும் இல்லை, நடைமுறையைத்தான் போட்டு உடைத்தார். பாம்பெர்க்கிலும் பேரரசரின் நீதிமன்றம் தலையிட்டது, பிறகு ஸ்வீடன் படை நெருங்கியது, அத்தோடு வேட்டை அடங்கியது. ஸ்டாக்ஹோமில் 1676இல் சாட்சி சொன்ன பிள்ளைகளே, நாங்கள் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டதும் வழக்குகள் சரிந்தன. நம்பிக்கை அப்படியே இருக்க, வழக்குகள் மட்டும் முதலில் நின்றன. சட்டங்கள் அதற்கும் பின்னால்தான் மாறின, பிரிட்டனில் 1735இல்.

‘ஐரோப்பாவின் கடைசி சூனியக்காரி’ என்று சுவிட்சர்லாந்தின் அன்னா கோல்டி பெயரைப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளாருஸ் ஊரில் செல்வாக்கான ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர், அந்த வீட்டுக் குழந்தையின் பாலில் ஊசிகள் கிடந்ததாகக் குற்றச்சாட்டு. வதைத்து வாங்கிய வாக்குமூலத்தில் சாத்தான் வருகிறான். ஆனால் 1782இல் தீர்ப்பு எழுதியவர்கள் சூனியம் என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்து, விஷம் வைத்தவள் என்று எழுதி வாளால் தலையை வெட்டினார்கள். கிளாருஸ் மாநில நாடாளுமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 2008இல்.